மூன்றாவது ஜாடி

உதயகுமார் கண்ணாடி டம்ளரில் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வெங்காயச் சருகு நிறம். இருபது வருஷம் பட்டுக்குச் சாயம் போட்ட கண் அது; ஊருக்கே ஒன்றாகத் தெரியும் இரண்டு மஞ்சளுக்கு நடுவில் அதற்கு மட்டும் சண்டை தெரியும். நேற்று வெங்காயச் சருகு, முந்தாநாள் வெங்காயச் சருகு, இன்றைக்கும் அதே. அந்த இருபது வருஷத்தில் அவர் போட்ட எந்தச் சாயமும் மூன்று நாள் தொடர்ந்து ஒரே நிறமாக வந்ததில்லை. அவர் கை படாமல் ஏரி தானாகப் போட்டுக்கொண்ட சாயம் மட்டும் அப்படியே நிற்கிறது.

தாமல் கிராமத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு சித்தேரி. அதன் கரையடியில் புதிதாகக் கட்டிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையம். அதற்கு உதயகுமார்தான் ஆபரேட்டர். காஞ்சிபுரத்தின் மேற்கு ஓரத்தில் அறுநூறு வீடுகள் கொண்ட நெசவாளர் குடியிருப்புக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போக வேண்டும். குழாய் பதித்தாயிற்று, மேல்நிலைத் தொட்டி கட்டியாயிற்று, தெருமுனையில் பெயர்ப்பலகைகூட வைத்தாயிற்று. தண்ணீர்தான் போகவில்லை.

காரணம் எளிது. பல வருஷம் வறண்டு கிடந்த ஏரிக்குள் சீமைக்கருவேலம் காடாக மண்டியிருந்தது. ஐப்பசி மழையில் ஏரி ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டது. மரம், இலை, காய், சருகு எல்லாம் தண்ணீருக்குள் நின்றபடி ஊறின. ஊறி ஊறிச் சாறு இறங்கி, இப்போது ஏரி முழுக்கப் பால் ஊற்றாத டீ.

உதயகுமார் அதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு முன்னால், குடியிருப்பு அம்மன் கோயில் வாசலில் நாலு பேர் கூடியிருந்தபோது, யாரும் கேட்காமலேயே, "கார்த்திகை கடைசி வெள்ளிக்கு அம்மனுக்குப் பொங்கல் நம்ம குழாய்த் தண்ணியிலதான். லாரிய மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன நிமிஷம் மார்பு விரிந்தது. இப்போது அந்த வெள்ளிக்கிழமை நாளைக்கு.

காலையில்தான் என்ஜினியர் ராஜகோபால் போன் செய்திருந்தார். கூச்சல் போடாமல் பேசுகிற மனிதர். அதனாலேயே பயம் அதிகம்.

"உதயகுமார், நாலரைக்கு வரேன். நிறத்தோட அளவு பதினஞ்சுக்குக் கீழ இருந்துச்சுன்னா ஏரித் தண்ணிய ஓட்டலாம். இல்லைன்னா இன்னிக்கே மதகு மூடிடுவோம். பழையபடி லாரிதான். உங்களையும் வேற இடத்துக்குப் பாக்கணும்."

வேற இடம். உதயகுமாருக்கு வேற இடங்கள் புதிதல்ல. முதலில் தறியில் உட்கார்ந்தார். அவர் நெய்த முதல் சேலையில் ஒரு பக்கக் கரையில் மயில் மயிலாகவே வந்தது. மறுபக்கக் கரையில் அதே மயில் காக்கையாக இறங்கியது. பிறகு சாயப்பட்டறை. அரக்கு கேட்டவர்களுக்கு பீட்ரூட் கொடுத்தார். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால் ஒரு வீட்டார் அதைப் புது கலர் என்று சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். மற்ற வீட்டார் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. இப்போது அந்தப் பட்டறையில் சாயம் போடுவது அவர் மனைவி இளவரசி. அவள் போட்டால் நிறம் நிற்கும். அவர் ஏதாவது யோசனை சொன்னால் அவள் சிரிப்பாள்; அந்தச் சிரிப்பும் சாயம் போகாமல் நிற்கும்.

இந்த வேலை மட்டும்தான் அவருக்குப் பிடித்துப்போன வேலை. காலையில் வந்து மோட்டார் சத்தத்தைக் காதில் வாங்கி, மணல் தொட்டியை எட்டிப் பார்த்து, தண்ணீர் ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்கு இறங்குவதைக் கவனித்துக்கொண்டே இருக்கலாம். யாருக்கும் முகூர்த்தம் இல்லை. தாகம் மட்டும்தான்.

பத்து மணிக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்டது. கெமிஸ்ட் நித்யா. திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பத்துப் பெண். மூன்று நிலையங்களுக்கு ஒரே கெமிஸ்ட் என்பதால் எப்போதும் பாதி ஹெல்மெட்டோடுதான் பேசுவாள்.

"இன்னாண்ணா, டீ ரெடியா?"

"முப்பது ஏக்கருக்குப் போட்டு வெச்சிருக்கேன் மேடம். பிஸ்கட்தான் இல்ல."

அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். கேன் தண்ணீரைத் தன் பாட்டிலுக்கு அதில் வடிகட்டி ஊற்றினாள். எங்கே போனாலும் அவள் வழக்கம் அது. வடிகட்டாத தண்ணீர் அவர்கள் வீட்டில் யார் வாய்க்கும் போகாது. உதயகுமார் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. ஏரித் தண்ணிய ஒரு தடவ உங்க துணியில வடிகட்டிப் பாத்துடலாமா?"

"பாத்துடுங்க. இல்லன்னா உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது."

நாலாக மடித்து வடிகட்டினார். தண்ணீர் போனபடியே வந்தது. துணி நடுவில் மட்டும் வட்டமாக ஒரு பழுப்பு.

"சக்கரை கரைச்ச தண்ணிய துணியில வடிகட்டினா சக்கரை மேல நிக்குமாண்ணா?"

"நிக்காது."

"அதே கததான். இது தூசி இல்ல. கரைஞ்சே போயிட்ட இலை. படிகாரம் போட்டா அது இதோட கையக் கோத்துக்கினு, பஞ்சாத் திரண்டு, கீழ எறங்கணும். அப்பதான் மணல்ல நிறுத்த முடியும்."

"இந்தக் குளோரின இன்னும் ரெண்டு மடங்கு ஊத்தினா வெளுத்துடாதா?"

"வெளுக்கும். ஆனா இந்த இலைச்சாறும் குளோரினும் சேந்தா வேணாத சரக்கெல்லாம் உருவாவும். வருஷக்கணக்கா குடிச்சா ஒடம்புக்கு ஆவாது. பாக்க வெள்ளை, குடிக்கத் தொல்லை. மொதல்ல சாற எடுக்கணும், அப்புறம்தான் குளோரின்."

உதயகுமார் துணியை வெளிச்சத்தில் பிடித்தார். "துணி போச்சு மேடம். ஆனா சாயம் இன்னா அழகா புடிச்சிருக்குது பாருங்க. என் கையால இப்படி ஒரு துணி புடிச்சதே இல்ல."

மேசையில் ஜாடி இயந்திரம் இருந்தது. ஒரு லிட்டர் பிடிக்கிற ஆறு கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு துடுப்பு. ஆறிலும் ஏரித் தண்ணீரை ஊற்றி, ஆறிலும் வேறு வேறு அளவு படிகாரக் கரைசல் விட்டு, முதலில் வேகமாக, பிறகு மெதுவாகச் சுற்றவிட்டு, அப்புறம் அசையாமல் விட வேண்டும். எந்த ஜாடி நன்றாகத் தெளிகிறதோ அந்த அளவுதான் நிலையத்துக்கும். ஜாடிகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கியது. எந்த ஜாடி வழியாக அதன் எழுத்து தெரிகிறது என்பது உதயகுமாரின் சொந்த அளவுகோல். நித்யாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் தினமும் அவளும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள்.

முதல் சுற்று முடிய பதினொன்றே கால். ஆறாவது ஜாடி கொஞ்சம் பரவாயில்லை. நித்யா நிறத்தை அளந்தாள். ஏரியில் தொண்ணூறு. இதில் நாற்பத்திரண்டு.

இரண்டாவது சுற்று, படிகாரம் இன்னும் அதிகம். முப்பத்தெட்டு.

"எறங்குது, ஆனா பதினஞ்சுக்கு வரமாட்டேங்குது" என்றாள் நித்யா. நெற்றியில் வேர்வை. "இதுக்கு மேல படிகாரம் போட்டா சேறுதான் மிஞ்சும். அண்ணா, நான் கரைமேல ஏறி ராஜகோபால் சாருக்கு ஒரு போன் போட்டுட்டு வரேன். நேரம் கேட்டுப் பாக்கறேன்."

அந்த இடத்தில் சிக்னல் கரைமேல்தான். கட்டடத்துக்குள் போன் வெறும் டார்ச்.

"நீங்க சாப்பிடலையே மேடம்."

"வந்து சாப்பிடறேன். நீங்க ஜாடிய கழுவி, ஆறுலயும் அறுபது அறுபது படிகாரம் போட்டுச் சுத்த விட்டு வையுங்க. எல்லாம் ஒரே அளவு, மிஷின் ஆறுலயும் ஒழுங்கா கலக்குதான்னு பாத்துடலாம். வேற எதுவும் பண்ணாதீங்க."

வேற எதுவும் பண்ணாதீங்க என்று உதயகுமாரிடம் சொன்னவர்கள் பலர். தறிக்காரர் சொன்னார், பட்டறைக்காரர் சொன்னார், மாமனார் கல்யாண மேடையிலேயே சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தார். கழுவினார், ஊற்றினார், ஆறிலும் படிகாரம் அளந்து விட்டார், சுவிட்சைப் போட்டார். துடுப்புகள் சுற்றின. தண்ணீர் பழுப்பாகச் சுழன்றது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மூன்றாவது ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்; அதுதான் முகத்துக்கு நேராக இருந்தது. சுழலும் நிறத்தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, அவருக்கு அது ஜாடியாகவே தெரியவில்லை. பட்டறையில் கொதிக்கும் செப்புத் தொட்டியாகத் தெரிந்தது.

பட்டறையில் ஒரு முறை உண்டு. பட்டு நூல் சாயத் தொட்டியில் இறங்கி, நிறம் பாதி ஏறியதும், கொஞ்சம் புளிப்பு ஊற்ற வேண்டும். ஊற்றியதும் தண்ணீரில் மிச்சமிருக்கும் சாயமெல்லாம் நூலுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். தொட்டியில் வெறும் தண்ணீர் நிற்கும். தண்ணீர் தெளியவில்லை என்றால் புளிப்பு பத்தவில்லை. இருபது வருஷத்தில் உதயகுமார் மண்டையில் ஏறிய ஒரே பாடம் அதுதான். மண்டையில்கூட இல்லை, கையில்.

அந்தப் புளிப்பு என்பது அசிட்டிக் ஆசிட். இளவரசி வாங்கிவரச் சொல்லியிருந்தாள். காலையில் வரும் வழியில் வாங்கிய பாட்டில், மேசையோரம் பையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றது.

தண்ணீர் தெளியவில்லை. கை பாட்டிலை எடுத்தது. மூடியைத் திறந்து, லேசாகச் சாய்த்து, மூன்றாவது ஜாடியில் நாலைந்து சொட்டு விட்டது. பழக்கப்படி பாட்டில் வாயை லுங்கியில் துடைக்கப் போனபோது, இடுப்பில் பேண்ட் இருந்தது. அப்போதுதான் உதயகுமாருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது.

மூக்கில் காடி வாசனை ஏறியது. சுவிட்சை அணைக்கலாமா, ஜாடியைக் கொட்டலாமா, கொட்டினால் ஐந்துதானே இருக்கும், ஐந்து இருந்தால் கேட்க மாட்டாளா, உடைந்துவிட்டது என்று சொன்னால் உடைந்த கண்ணாடி எங்கே என்பாள். ஒரு நிமிஷத்தில் ஒன்பது பொய்களைத் தைத்துப் பார்த்தார். ஒன்றும் உடம்புக்குப் பொருந்தவில்லை. பாட்டிலைப் பைக்குள் திணித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, தப்பு செய்யாதவர்கள் எப்படி உட்கார்வார்கள் என்று யோசித்து அந்த மாதிரி உட்கார்ந்தார்.

துடுப்புகள் மெதுவாயின. மற்ற ஐந்திலும் அதே பொடிப்பொடித் துகள், அதே டீ. மூன்றாவதில் என்னவோ நடந்தது. முதலில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். பிறகு ரவை. பிறகு, அவர் கண்ணெதிரே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சுத் துணுக்குகளாகத் திரண்டன. பழுப்பெல்லாம் அந்தப் பஞ்சுக்குள் ஏறிக்கொண்டது. துடுப்பு நின்றதும் பஞ்சு கும்பல் கும்பலாக, பந்தி முடிந்து எழுந்து போகிறவர்களைப் போல அவசரமே இல்லாமல், கீழே இறங்கியது.

உதயகுமார் குனிந்தார். மூன்றாவது ஜாடியின் வழியே சுவர் தெரிந்தது. சுவரில் நாள்காட்டி தெரிந்தது. நாள்காட்டியில் பொடி எழுத்து தெரிந்தது. வியாழன், இராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மணி பத்து நிமிஷம்.

"நேரம் தர மாட்டேன்னுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே நித்யா உள்ளே வந்தாள். மேசைப் பக்கம் பார்த்தாள். போனை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அது பிறகு படிகார மூட்டைமேல் கிடைத்தது.

"மூணாவதுல இன்னா போட்டீங்க?"

"படிகாரம்."

"அதோட?"

"நம்பிக்கை."

"உதயகுமாரண்ணா."

"நாலு சொட்டு புளிப்பு மேடம். கை பட்டறைன்னு நெனச்சிடுச்சு. நான் சொல்லல, கை தானா போச்சு. இருபது வருஷமா அது என் பேச்ச கேட்டதே இல்ல."

அவள் ஜாடியை முகர்ந்தாள். புளிப்பையும் காரத்தையும் அளக்கும் பி.எச். மீட்டரை எடுத்துத் தண்ணீரில் விட்டாள். எண்கள் ஓடி நின்றன; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ஐந்து புள்ளி எட்டு. பக்கத்து ஜாடியில் விட்டாள். ஏழரை. நித்யா கையால் தலையில் அடித்துக்கொண்டாள், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"இது நான் படிச்சது. எம்.எஸ்.சி.ல பதினாறு மார்க் கேள்வி. இலைச்சாறு காரத் தண்ணியில ஜம்முனு கரைஞ்சு உக்காந்துக்கினு இருக்கும். புளிப்பு கொஞ்சம் ஏறினா அதால நிக்க முடியாது, படிகாரத்துமேல போயி ஒட்டிக்கும். நம்ம ஏரி எட்டுக்கு மேல இருக்குது. நான் ஆத்துத் தண்ணிக்கு வெச்சிருந்த அளவுச் சீட்டையே இங்கயும் ஓட்டிக்கினு இருக்கேன் பாருங்க. மூணு வாரமா."

"அப்போ நான் செஞ்சது சரியா மேடம்?"

"தப்பு. ரொம்பத் தப்பு. உக்காருங்க, உங்கள திட்ட நேரமில்ல."

உதயகுமார் உட்காரவில்லை. அவருக்கும் நேரமில்லை. காலுக்குக் கீழே தரை கொஞ்சம் துள்ளியது போல இருந்தது.

"இதே புளிப்பு பட்டறையில இருபது லிட்டர் கேன்ல இருக்குது மேடம். ஒரு போன் போட்டா இளவரசி..."

"வேணாம்ண்ணா. அதுவும் ஒரு வகையில இலைச்சாறுக்குச் சொந்தக்காரன்தான். ஒரு அழுக்க எடுக்க இன்னொண்ண உள்ள விடக்கூடாது. கந்தக அமிலம்தான் சரி." அவள் அலமாரியைத் திறந்து ஒரு பழுப்புப் பாட்டிலை இறக்கினாள். "கண்ணாடி போட்டுக்குங்க. தண்ணியில ஆசிட்தான்..."

"ஆசிட்ல தண்ணி ஊத்தக்கூடாது. அது தெரியும். பட்டறைக்காரரு மொத நாளே சொன்னாரு."

ஆறு ஜாடிக்கு ஆறு புளிப்பு. ஏழரை, ஏழு, ஆறரை, ஆறு, ஐந்தரை, ஐந்து. அதன்பிறகு எல்லாவற்றிலும் ஒரே அளவு படிகாரம். நித்யா சொட்டுச் சொட்டாக விட, உதயகுமார் எண்களைப் படித்தார். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கரைமேல் ஓடினார். இளவரசியிடம் சொல்லாமல் அவரால் நிற்க முடியவில்லை.

"உன் புளிப்புல கொஞ்சம் செலவாயிடுச்சு."

"எதுக்கு, குடிச்சிட்டீங்களா?"

நடந்ததை மூச்சு வாங்காமல் சொன்னார். மறுமுனையில் தறி சத்தம் கேட்டது.

"பாத்து ஊத்தச் சொல்லுங்க அந்தப் பொண்ண" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. அதுதான் உதயகுமாருக்குக் கூச்சமாக இருந்தது. "புளிப்பு பத்தலன்னா ஏறாது, மீறினா மறுபடியும் கலங்கிடும். நடுவுல ஒரு எடம் இருக்கும். அங்க நிறுத்தணும். உங்களுக்குத்தான் அந்த எடம் தெரியாது."

அவர் திரும்பி வந்தபோது நடுவில் ஓர் இடம் இருந்தது. முதல் ஜாடி டீ. இரண்டாவது தண்ணீர் கலந்த டீ. மூன்றாவதில் நாள்காட்டியின் தேதி தெரிந்தது. நான்காவதில் இராகு காலம் தெரிந்தது, நல்ல நேரம் தெரிந்தது, அடியில் அச்சகத்தின் பெயர்கூடத் தெரிந்தது. ஐந்தாவதில் கொஞ்சம் மங்கல். ஆறாவது கலங்கிக்கொண்டு நின்றது.

"ஆறு" என்றாள் நித்யா. "ஆறுல நிக்குதுண்ணா."

"இளவரசியும் அதத்தான் சொன்னா. நம்பர் சொல்லல, மத்ததெல்லாம் சொல்லிட்டா."

நாலு நாற்பதுக்கு ஜீப் வந்தது. ராஜகோபால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான்காவது ஜாடியைத் தூக்கிப் பார்த்தார். வைத்தார். மற்றதைப் பார்த்தார். மறுபடியும் நான்காவதைத் தூக்கினார்.

"கேன் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கீங்களா?"

"கேன் தண்ணிக்கு அடியில பஞ்சு இருக்காது சார்" என்றார் உதயகுமார். சொன்னபின் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வடிதாளில் வடிகட்டி, தெளிந்ததில் சுண்ணாம்பு விட்டுப் புளிப்பை முறித்து எண்ணை ஏழரைக்கு ஏற்றி, நித்யா நிறத்தை அளந்தாள். ராஜகோபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே படித்தார்.

"ஒம்போது."

உதயகுமாருக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினால் அவர் மனசு மாறிவிடுமோ என்று பையில் கையை வைத்துக்கொண்டார்.

"குளோரின் நிக்குதா? போன வாரம் ஊத்தினதெல்லாம் எங்க போச்சுன்னே தெரியல. இலைச்சாறு அப்படியே தின்னுடுச்சு. கொஞ்சமா போட்டு, அர மணி நேரம் கழிச்சு அதுல மிச்சம் இருந்தாத்தான் நான் நம்புவேன்" என்றார் ராஜகோபால்.

நித்யா அளந்து குளோரின் விட்டாள். மணி ஐந்தே கால். அரை மணி நேரம் என்றால் ஐந்தே முக்காலுக்குப் பக்கம். உதயகுமார் ஜன்னலைப் பார்த்தார். சூரியன் கருவேல மரங்களின் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மேசைமேல் நித்யாவின் சாப்பாட்டு டப்பா கட்டியபடியே இருப்பது கண்ணில் பட்டது. சமண வீட்டு வழக்கப்படி, பொழுது சாய்ந்தால் அவள் சாப்பிட மாட்டாள். இனி நாளைக்குக் காலையில்தான்.

"மேடம், சாப்பிடுங்க."

"பசியே தெரியலண்ணா. ரிசல்ட் வரட்டும்."

"ரிசல்ட்டுக்கு அர மணி நேரம் ஆவும். சூரியன் அதுக்கு முன்னாடி போயிடும். நான் கடியாரத்த பாத்துக்கறேன். எதுவும் தொட மாட்டேன். கைய வேணா கட்டிப் போடுங்க."

ராஜகோபால் நிமிர்ந்தார். "சாப்பிடுமா. நான் இவரு கையப் பாத்துக்கறேன்."

அவள் வாசல்படியில் உட்கார்ந்து, மேற்கே பார்த்தபடி, அவசர அவசரமாகப் புளியோதரையைச் சாப்பிட்டாள். உள்ளே இரண்டு ஆண்கள் ஒரு ஜாடிக்கு இரு பக்கமும் நின்றார்கள். உதயகுமார் கடிகாரத்தை ஒரு கண்ணாலும் சூரியனை மறுகண்ணாலும் பார்த்தார். "இன்னும் ரெண்டு முழம் இருக்குது மேடம், நிதானமா" என்றார் ஒரு தடவை. "ஒரு முழம்" என்றார் அடுத்த தடவை. அவள் கை கழுவி, வடிகட்டிய தண்ணீரைக் குடித்து முடித்தபோது, மரங்களுக்கு மேல் ஒரு சிவப்புக் கீற்றுதான் மிச்சம்.

நேரம் ஆயிற்று. நித்யா சிறு குப்பியில் தண்ணீரை எடுத்து, அதில் ஒரு மாத்திரையைப் போட்டாள். குளோரின் மிச்சமிருந்தால் நிறம் வரும். இல்லையென்றால் வராது. போன வாரம் இதே குப்பியில் ஐந்து நாளும் வரவில்லை.

மாத்திரை கரைந்தது. ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து மெல்ல ஒரு சிவப்பு எழுந்தது, புகை எழுவது போல, சுற்றிக்கொண்டு, பரவிக்கொண்டு, குப்பி முழுவதும்.

"இளரோஜா" என்றார் உதயகுமார். "சார், இது சுத்தமான இளரோஜா. இதப் போடத்தான் நான் ஏழு வருஷம் முயற்சி பண்ணேன்."

நித்யா அளவைப் படித்துச் சொன்னாள். ராஜகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினஞ்சு நாள் தரேன். ஆசிட் தொட்டி, சுண்ணாம்புத் தொட்டி, கையில கவசம், எல்லாம் முறைப்படி வரணும். தினம் எனக்கு நிறம் அனுப்பணும். நாளைக்கே தண்ணி விட முடியாது, அத மொதல்லயே சொல்லிடறேன்." நோட்டை எடுத்தார். "இந்த யோசனை யாரோடது?"

"உதயகுமாரண்ணாவோடது" என்றாள் நித்யா.

"கை தவறிப் பட்டுடுச்சு சார்."

"அப்படி ரிப்போர்ட்ல எழுத முடியாதே." ராஜகோபால் கொஞ்சம் யோசித்தார். "ஆபரேட்டரின் முன் அனுபவம்னு எழுதறேன்."

உதயகுமாரின் முன் அனுபவத்தை ஒருவர் நல்லவிதமாக எழுதியது அதுவே முதல் தடவை. அவர் ஜாடி கழுவுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு, கண்ணில் தெறித்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். அது ஏரித் தண்ணீர் இல்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே கவலை. மதகு மூடாது, வேலை போகாது, எல்லாம் சரி. நாளைக்குப் பொங்கல் கிடையாது என்று அறுநூறு வீட்டுக்கு யார் சொல்வது? ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, புளிப்புப் பாட்டிலை நீட்டியபடி, இளவரசியிடம் மென்று விழுங்கினார்.

"அது மார்கழி ரெண்டாம் வெள்ளிக்கு மாத்தியாச்சு" என்றாள் அவள், பாட்டிலில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தூக்கிப் பார்த்துக்கொண்டே. "நேத்தே கோயில்ல சொல்லிட்டேன். ஒரு சாயமாவது நீங்க சொன்ன நாளுக்குக் குடுத்திருக்கீங்களா? எப்பவும் ரெண்டு வாரம் சேத்துத்தான் நான் கணக்கு வெச்சுக்குவேன்."

"அப்போ வராதுன்னு நெனச்சியா?"

"வராதுன்னா மாத்துவேனா? வேணாம்னு சொல்லியிருப்பேன்."

மார்கழி இரண்டாம் வெள்ளி. விடிந்து கொஞ்ச நேரம். அம்மன் கோயில் வாசலில் மூன்று அடுப்புகள். குடியிருப்பே குழாயைச் சுற்றி நின்றது. யார் திறப்பது என்று பேச்சு வந்தது. எல்லாரும் உதயகுமாரைப் பார்த்தார்கள். இளவரசி பானையைத் தானே பிடித்துக்கொண்டு, "இவரு திறக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்றாள்.

திறந்தார். முதலில் காற்று சீறியது. பிறகு தண்ணீர் வந்தது. அதற்கு எந்த நிறமும் இல்லை. பானை நிறைந்தபோது அடியிலிருந்த கீறல்கூடத் தெரிந்தது.

நித்யாவும் வந்திருந்தாள். பழக்கப்படி பையிலிருந்து புது வெள்ளைத் துணியை எடுத்துத் தன் பாட்டிலின் வாயில் கட்டி, குழாயடியில் பிடித்தாள்.

"நம்ம தண்ணியகூடவா மேடம் வடிகட்டணும்?" என்றார் உதயகுமார். கொஞ்சம் மனசு வாடியிருந்தது.

"எங்க ஆத்தா குடுத்தாலும் வடிகட்டித்தான் குடிப்பேண்ணா. இந்தாங்க, பாருங்க."

துணியை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். உதயகுமார் அதை இரண்டு கையாலும் விரித்து, எழும்பும் வெயிலுக்கு நேராகப் பிடித்தார். நடுவில் பார்த்தார். ஓரத்தில் பார்த்தார். திருப்பிப் பிடித்தார். முறுக்கிப் பிழிந்து மறுபடியும் விரித்தார். பட்டறையில் உலர்ந்த நூலைச் சோதிப்பது போல, விரலில் சுற்றி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. அவர் முகம் பானையைவிட முன்னால் பொங்கிவிட்டது.

இளவரசி அரிசியைக் களைந்துகொண்டே, பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.

"இந்த மனுசன் சாயம் போட்டு எத்தினி வருசம் ஆச்சு. துணியில சாயம் புடிக்கலன்னு இப்படி சந்தோசப்பட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."